மனதோடு கதைப்போம்: கண்ணில் குத்திய சொல்



எங்கள் மகளிர் குழுவில் ஒரு பின்னேரம், வீட்டுத்திட்டப் பதிவு பற்றி வந்த கடிதத்தை வாசித்தோம். கொண்டு போகவேண்டிய பத்திரங்கள், கடைசித் திகதி எல்லாம் அதில் இருந்தன. வாசித்து முடிந்ததும் ஓர் அக்கா முகம் வெளிறிக் கேட்டார்:

“விசாரணை எண்டு போட்டிருக்கு. ஏன் தங்கச்சி, என்னத்தை விசாரிக்கப் போகினம்?”

கடிதத்தின் அடியில் ‘விசாரணைகளுக்கு’ என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அவ்வளவுதான். பக்கத்திலிருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கணவரை ‘விசாரணைக்கு’ என்றுதான் கூட்டிப் போனார்கள்.

பதகளிப்புள்ள மனம் ஆபத்தான சொல்லைத்தான் முதலில் பிடிக்கும். வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கப் படையினரிடம் செய்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. பல நிறங்களில் எழுதிய சொற்களைக் காட்டி, சொல்லை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் சொல்லும்படி கேட்டார்கள். போரின் மனவடு ஆறாதவர்கள் போர்ச் சொற்களில் வந்து தடக்குப்பட்டார்கள். மற்றச் சொற்களை விட அவற்றுக்குக் கூடுதல் நேரம் எடுத்தது. துவக்குப் பிடித்த ஆண்களுக்கே அப்படி. இது படிப்புக் குறைவோ மறதியோ அல்ல. கவனம் முழுவதையும் அந்த ஒரு சொல் இழுத்துக்கொள்ள, மற்றவை காதில் ஏறுவதில்லை. (‘மேலதிக விபரங்களுக்கு’ என்று எழுதினால் கந்தோர்களுக்கு என்ன குறைந்துவிடும்?)

அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, இங்கே அதற்கு என்ன கருத்து என்று சொன்னோம். தண்ணீர் குடித்தார். பிறகு கடிதத்தை அவரிடமே கொடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிக்கச் சொன்னோம். திகதியில் விரல் நின்றது.

“ஐயோ, நாளைக்கெல்லே!” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பத்திரங்களோடு போனார்.