ஒரு மில்லிமீட்டர் சுவரை அளப்பது எப்படி?

மாணவர்களே, உங்கள் கழுத்தின் ஒரு பக்கத்தில் மெல்ல விரலை வைத்துப் பாருங்கள். அங்கே துடிப்பது கழுத்துத் தமனி. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய். நலமுள்ளவர்களுக்கு அதன் சுவர் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புதான். கொழுப்புப் படிந்து சுவர் தடித்தால் பக்கவாத ஆபத்து கூடும். ஆகவேதான் எம்ஆர்ஐ படத்தில் அதை அளந்து, கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் பலன் தருகின்றனவா என்று ஆராய்கிறார்கள்.

“மருந்தால் சுவர் மெலிந்தது” என்று செய்தி வந்தால், நான் முதலில் கேட்பது இதுதான்: மருந்தே கொடுக்காமல் அதே ஆளை மறுநாள் படமெடுத்தால் அதே எண் வருமா?

எளிதில் வராது. இத்தகைய படங்களில் ஒரு படப்புள்ளியின் அகலம் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் சுவரின் குறுக்கே இரண்டு புள்ளிகள்தாம் விழும்! ஓரத்துப் புள்ளியில் பாதி சுவர், பாதி இரத்தம். அது சாம்பல் நிறமாகத் தெரியும். எல்லைக்கோட்டை அதற்கு உள்ளே வரைவதா, வெளியே வரைவதா? இருவர் வரைந்தால் இரண்டு விடை. போதாக்குறைக்குத் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். மறுமுறை தலை சற்றுத் திரும்பியிருந்தால் குழாய் சாய்வாக வெட்டுப்படும். லெமாங் மூங்கிலைச் சாய்வாக அறுத்தால் அதன் சுவர் தடித்துத் தெரியுமே, அதுபோல.

“இரு அளவீடுகளுக்கும் ஒட்டுறவு மிக அதிகம்” என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு. அதில் ஏமாறாதீர்கள். ஒருவர் எப்போதும் மற்றவரைவிட 0.2 மில்லிமீட்டர் கூடுதலாகவே அளந்தாலும் ஒட்டுறவு 1 என்றுதான் வரும். மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதைச் சுட்டிக்காட்டி, இரு அளவுகளின் வேறுபாட்டையே வரைபடமாக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்களும் நண்பரும் ஒரே கம்பியை வெர்னியர் அளவியால் தனித்தனியே அளந்து இதைச் செய்து பார்க்கலாம்.

அதற்காக எம்ஆர்ஐ வீண் என்று நான் சொல்லவில்லை. பல வெட்டுப்படங்களின் சராசரியை எடுத்தால் தற்செயல் பிழை குறையும். நூற்றுக்கணக்கானோரின் சராசரியில் மிகச் சிறிய மாற்றம்கூடத் தெரியவரும். ஆனால், உங்கள் தாத்தா ஒருவருடைய சுவர் ஓராண்டில் 0.1 மில்லிமீட்டர் மெலிந்ததாக அறிக்கை சொன்னால், மறுஅளவீட்டில் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.