கிட்டாரும் குங்குமச் சிமிழும்

போன தீபாவளிக்கு எனக்குப் புடவை வேண்டாம் என்று சொன்னதும் வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இவர் பேப்பரை இறக்கிவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, சகோதரிகளே. பத்து வயதுப் பேத்திக்குக் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சீட்டு எடுத்த பணம் எட்டாயிரம் ரூபாய் என் கையில் இருந்தது. புடவை பீரோவில் தூங்கும், கிட்டாராவது பேசுமே என்று தோன்றியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆசை பேத்தியுடையது மட்டும் அல்ல. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதில் நிலாவைப் பற்றிய பாட்டின் ஆரம்பத்தில் ஒரு கிட்டார் வருமே, அதை ரேடியோவில் போட்டால் நான் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்க மாட்டேன். ஒரு நாள் தைரியமாக அப்பாவிடம் கேட்டேன். "பொம்பளைப் பிள்ளைக்குக் கிட்டார் எதுக்கு? வீணை கத்துக்கோ" என்றார். இரண்டு வருஷம் வீணை கற்றுக்கொண்டேன். அப்புறம் படிப்பு, கல்யாணம், பிள்ளை, சமையல். அந்த ஆசை பரண்மேல் போய்விட்டது.

ஆகவே, பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நுழைந்ததும் ஒரு இளைஞர் ஓடி வந்தார். "வாங்கம்மா, உட்காருங்க, ஜில்லுனு ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றார். நகைக் கடை உபசாரம்! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பாப்பாவுக்கா? இதை வாங்கிடுங்க" என்று மேலேயிருந்து ஒன்றை இறக்கினார். பளபளவென்று இருந்தது. அவரே மடியில் வைத்து விறுவிறுவென்று வாசித்தார். அவர் கை வேகத்தில் எனக்கு வாய் பிளந்துவிட்டது. அவர் வாசித்தால் பழைய சுளகுகூடப் பாடும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"இது பெரிசா இருக்கே, தம்பி?"

"வளர்ற பொண்ணுதானேம்மா! சின்னதா வாங்கினா ரெண்டு வருஷத்துல மறுபடி வாங்கணும். பாவாடை கொஞ்சம் நீளமா தைக்கிறது இல்லையா, அந்த மாதிரி."

என் பலவீனம் அவருக்குத் தெரிந்துவிட்டது! பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கரெண்டில் போடுகிற வசதி உள்ள கிட்டார், அதற்கு ஒரு பெட்டி ஆம்ப்ளிஃபயர், பை, ஸ்டாண்டு, தோள் பட்டை, உபரிக் கம்பிகள். மொத்தம் பதினாலாயிரத்து ஐந்நூறு. "இந்த விலை இன்னிக்கு மட்டும்தாம்மா. ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி. காலையில ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்கார்" என்றார். நான் தயங்கியதும் என்னை விட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்து, "பாப்பா, உனக்கு இது பிடிச்சிருக்கு இல்லே? பாட்டிகிட்ட சொல்லு" என்றார்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். பிடித்திருக்கிறது என்று சொன்னால் பாட்டிக்குப் பணம் போகும், இல்லை என்று சொன்னால் கிட்டாரே போய்விடும் என்று அது திணறியது. பத்து வயதுக்கு ஏன் இந்தச் சங்கடம்? "நீ மடியில வெச்சுப் பாரு கண்ணு" என்றேன். வைத்தாள். வலது கையை மேலே போட்டால் தோள்பட்டை காதைத் தொட்டது. இடது கை நுனி வரை எட்டவில்லை.

"நாளைக்கு வரோம் தம்பி" என்று எழுந்தேன். வாசற்படி வரை கூடவே வந்தார். படி இறங்குவதற்குள் விலையும் இரண்டாயிரம் ரூபாய் இறங்கிவிட்டது! இன்றைக்கு மட்டும் என்ற விலை இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் மாதக் கடைசியில் இத்தனை விற்க வேண்டும் என்று மேலே இருப்பவர் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய அவசரத்துக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் போய்க் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். வீட்டில் குழந்தைக்குக் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அளவு. பெரியவர்களுக்கான முழு அளவு தவிர, முக்கால், அரை என்று சின்ன அளவுகளும் உண்டு. வயதை மட்டும் பார்க்காமல் மடியில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். தோள் உயராமல் கை மேலே விழ வேண்டும், இடது கை முழங்கை முழுவதும் நீளாமல் நுனியை எட்ட வேண்டும். பெரிதாக வாங்கினால் குழந்தை கூனிக் கூனி உட்காரும். முதுகும் மணிக்கட்டும் வலிக்கும். ரெண்டே மாதத்தில் அந்தக் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இரண்டாவது, கம்பி. ஸ்டீல் கம்பி, நைலான் கம்பி என்று இரண்டு வகை. சின்ன விரல்களுக்கு நைலான் மெத்து. ஆனால் நைலானுக்கு என்று செய்த கிட்டாரில் சத்தம் பெரிதாக வரட்டுமே என்று ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள். ஸ்டீல் கம்பியின் இழுவை அதிகம். பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை பெயர்ந்துகொண்டு வந்துவிடும்.

மூன்றாவது, பரிசோதனை. வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதற்கு ஃப்ரெட் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி அடித்த மாதிரி ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம்தான் வர வேண்டும். வீணை தெரிந்தவர்களுக்குச் சொன்னால், அது மேல் ஷட்ஜம். இரண்டும் சேரவில்லை என்றால் அந்தக் கிட்டார் எத்தனை சுருதி கூட்டினாலும் அபஸ்வரம்தான். கம்பி பலகையிலிருந்து ரொம்ப உயரமாக இருந்தாலும் வேண்டாம். அழுத்தியே விரல் நொந்துபோகும்.

இந்தப் பாடத்தை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வேறு ஒரு கடைக்குப் போனோம். அங்கே வயதான ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். ஜில்லென்று ஒன்றும் தரவில்லை. "பாப்பா, முதல்ல உட்காரு. பாதம் தரையில படுதா?" என்று கேட்டார். முக்கால் அளவில் மூன்று கிட்டார்களை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் தன் வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் அரை மணி நேரம் தட்டினோம், அழுத்தினோம். ஒன்றில் கரகரப்பு இருந்தது. அதைச் சொன்னேன். "சரியாச் சொன்னீங்கம்மா" என்று அதைத் தனியே எடுத்து வைத்தார். எனக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. பையோடு சேர்த்து ஐயாயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று.

கிளம்பும்போது முக்கோண வடிவில் மூன்று பிளாஸ்டிக் வில்லைகளைப் பேத்தி கையில் கொடுத்தார். இதற்குத்தான் பிக் என்று பெயர். வீணைக்காரர்கள் விரலில் கம்பி மாட்டிக்கொள்கிற மாதிரி, கிட்டாருக்கு இது. "இது தொலையும்மா. எத்தனை குடுத்தாலும் தொலையும்" என்றார்.

அந்தப் பெரியவர் வாக்குப் பலித்தது! நைலான் கம்பிக்கு விரலே போதும் என்றுதான் டீச்சர் சொன்னார். ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பிக் வைத்திருக்கும்போது இவள் சும்மா இருப்பாளா? மெல்லிய பிக் என்றால் பரவாயில்லை என்று டீச்சரும் இறங்கி வந்தார். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் ஒன்று என்று மாயமாயிற்று. வாஷிங் மெஷினில் ஒன்று கிடைத்தது. ஒன்று கணக்குப் புத்தகத்துக்குள். ஒன்று இவர் சட்டைப் பையில். கேட்டால், "ஏதோ கூப்பன்னு நினைச்சேன்" என்கிறார். ஒன்று கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த அற்ப வில்லைக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இதை அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்தார்கள். ஆமைகள் அழிந்துகொண்டே போனதால் 1970-களில் சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின் மூலம் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. இப்போது நைலானும் பிளாஸ்டிக்கும்தான். ஆகவே தொலைந்தால் ஆமைக்கு நஷ்டம் இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு ஒரு வியாழக்கிழமையோடு நின்றது.

என் பெண் வேலைக்குப் போவதால் பேத்தியோடு பேரனும் பகலில் என்னிடம்தான். அவனுக்குப் பதினாலு மாதம். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், சத்தம் இல்லை என்றால் ஏதோ நடக்கிறது! எட்டிப் பார்த்தால் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எச்சில் ஒழுக எதையோ மென்றுகொண்டிருந்தான். உதட்டுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு முனை தெரிந்தது. பிக்!

கத்தியிருந்தால் பயந்து உள்ளே இழுத்திருப்பான். எப்படித்தான் அந்த நிதானம் வந்ததோ, மெள்ளப் போய்ச் சிரித்துக்கொண்டே அந்த முனையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். அவன் வீல் என்று அழுதான். அந்த அழுகை எனக்குத் தேவகானமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாளிப்புத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

பிக் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டைக்கு இது போதும். இளம் தாய்மார்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் உள்ள பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை பலமாக இருமினால் இரும விடுங்கள். இரும முடியாமல், அழ முடியாமல் திணறினால் முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தடவை தட்ட வேண்டும். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். அதற்கும் வராவிட்டால் ஒரு வயதுக்குக் கீழ் என்றால் நெஞ்சிலும், அதற்கு மேல் என்றால் தொப்புளுக்கு மேலே வயிற்றிலும் அழுத்தும் முறை உண்டு. அதைக் குழந்தை டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது கேட்டு, கையாலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் சுருதி காட்டும் சின்னக் கருவி ஒன்றை இலவசமாகக் கிட்டார் தலையில் மாட்டித் தருகிறார்கள். அதற்குள் காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அன்று சாயங்காலம் என் பழைய பித்தளைக் குங்குமச் சிமிழைத் தேய்த்துப் பேத்தியிடம் கொடுத்தேன். கிட்டாரைச் சுவரில் உயரமாக மாட்டி, பக்கத்தில் ஷெல்ஃபில் சிமிழ். எடுக்கும்போது மூன்று, வைக்கும்போது மூன்று. குறைந்தால் கிடைக்கும் வரை டி.வி. கிடையாது. பெண் குழந்தை ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. தம்பி வாயில் இருந்ததைப் பார்த்தவள் அவள்.

இப்போது தினமும் பதினைந்து நிமிஷம் வாசிக்கிறாள். முதலில் விரல் நுனி எரிகிறது என்று அழுதாள். சில வாரங்களில் தோல் கெட்டிப்பட்டுவிட்டது. குளித்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது வாசிக்க வேண்டாம், இடது கை நகத்தை ஒட்ட வெட்டு, இது மட்டும்தான் என் வைத்தியம்.

நேற்று ராத்திரி சிமிழைத் திறந்து, "பாட்டி, ரெண்டுதான் இருக்கு!" என்று கூவினாள். வீடே புரண்டது. சோபாவை நகர்த்தினோம், பாயை உதறினோம், பேரன் வாயைத் திறந்து பார்த்தோம். டி.வி. கிடையாது என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

படுக்கப் போகும்போது புடவைத் தலைப்பில் ஏதோ நெருடியது. முடிச்சை அவிழ்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பிக்! மத்தியானம் யாரும் இல்லாதபோது அந்த நிலாப் பாட்டின் முதல் நாலு ஸ்வரத்தைத் தேடிக்கொண்டிருந்தது நான்தான். பேரன் எழுந்த அவசரத்தில் முடிந்துகொண்டு ஓடியிருக்கிறேன்.

காலையில் பேத்தியிடம் ஒப்புக்கொண்டேன். "ஒரு நாள் சீரியல் கிடையாது, பாட்டி" என்றாள். நியாயம்தானே?