ஆட்டப் பதிவுகள் அழிவதற்குள்



ஆன்லைன் சூதாட்டம் பற்றிப் பேச்சு எடுத்தாலே கடன், அடிமைத்தனம், தற்கொலை என்ற மூன்றில் வந்து நிற்கிறது. பேசவேண்டியவைதான். ஆனால் தோற்றவர்கள் எல்லோரும் நேர்மையான ஆட்டத்தில்தான் தோற்றார்களா என்ற கேள்வி மட்டும் ஓரமாகவே கிடக்கிறது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று தரம் பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தியாவில் இயங்கிய போக்கர் தளங்கள் சில நாட்களிலேயே கடையைக் கட்டின. கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போனது. மிச்சப் பணம் சரி, அதற்கு முன்பே கூட்டுக் களவாணிகளிடம் போன பணத்துக்கு யார் பொறுப்பு?

போக்கரில் அவரவர் சீட்டு அவரவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அவரவர் தனக்காக மட்டுமே ஆட வேண்டும். மொத்த ஆட்டமும் இந்த இரண்டு விதிகளில்தான் நிற்கிறது. ஆறு பேர் மேசையில் இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டே ஆடினால் என்ன ஆகும்? ஒருவர் கையில் இரண்டு எட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டுகளில் இன்னொரு எட்டு விழ 100க்கு ஏறத்தாழ 12 வாய்ப்பு உண்டு. "எங்கிட்ட ஒரு எட்டு இருக்கு" என்று கூட்டாளி வாட்ஸ்அப்பில் தட்டிய நொடியில் அந்த 12 பாதியாகி 6 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அவர் மேற்கொண்டு பணம் போடாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதே நிலையில் எட்டை வைத்திருக்கும் அப்பாவி, 12 என்ற கணக்கை நம்பித் தொடர்ந்து பணம் கட்டுவார்.

இது சாதுவான வகை. முரட்டு வகையும் இருக்கிறது. நடுவில் ஒருவர் சிக்கியதும் ஒரு கூட்டாளி 500 என்று ஏற்றுவார், மற்றவர் 1,500 என்பார், முதலாமவர் திரும்பவும் 4,000 என்பார். இரண்டு பக்கமும் நெருக்கினால் நடுவிலிருப்பவர் நல்ல சீட்டைக்கூடப் போட்டுவிட்டு விலகிவிடுவார். அவர் விலகியதுதான் தாமதம், கூட்டாளிகளில் ஒருவரும் சத்தமில்லாமல் கவிழ்த்துவிடுவார். கடைசிவரை போகாத ஆட்டத்தில் சீட்டைத் திறந்து காட்ட வேண்டியதில்லை என்பதால், இருவரிடமும் வெறும் குப்பைச் சீட்டு இருந்தது வெளியே வராமலே போகும்.

மனமகிழ் மன்றத்து ரம்மி மேசையில் ஜாடை காட்டினால் எதிரில் இருப்பவர் எழுந்து சட்டையைப் பிடிப்பார். ஆன்லைனிலோ இருவர் ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்து ஆடினாலும் மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. எல்லாச் சீட்டையும் பார்க்க முடிவது நிறுவனத்தின் சர்வரால் மட்டும்தான். யார் எந்தச் சீட்டோடு எந்த நேரத்தில் விலகினார், எந்த இருவர் எப்போதும் சேர்ந்தே மேசைக்கு வருகிறார்கள், ஒருவர் இன்னொருவரிடம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்பதெல்லாம் அங்கே பதிவாகிறது. அந்த நிறுவனமோ ஜெயிப்பது யாராக இருந்தாலும் மேசையில் சேரும் பணத்திலிருந்து தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. காவலும் கல்லாவும் ஒரே ஆளிடம்.

இதெல்லாம் கற்பனை இல்லை. 2010இல் உலகின் மிகப் பெரிய போக்கர் தளமான போக்கர்ஸ்டார்ஸில், பத்துப் பேர் ஆடி முதல் ஐந்து பேர் போட்ட பணத்தை இரட்டிப்பாக வாங்கிப்போகும் ஒரு போட்டி நடந்துவந்தது. முதல் பரிசு என்று தனியாக ஒன்று இல்லாததால் கூட்டணிக்கு அது தோதான ஆட்டம்: தங்களுக்குள் மோதிக்கொள்ளாமல், இளைத்துப்போன கூட்டாளிக்குக் காசு தள்ளிவிட்டால் போதும். சீனாவிலிருந்து ஆடிய ஒரு கும்பல் அதைத்தான் செய்தது. ஜெயித்தவர்களின் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று குரல் எழுப்பியவர்கள் அங்கே ஆடிக்கொண்டிருந்த மற்றவர்கள். கடைசியில் நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது என்பது அதன் பெருமை. பதிவு இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது.

அதற்கும் முன்னால் 2007 செப்டம்பரில் அப்சொல்யூட் போக்கர் தளத்தில் நடந்ததை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டி ஒன்றில் 'பாட்ரிப்பர்' என்ற பெயரில் ஆடியவர், எதிராளியின் சீட்டைக் கண்ணால் பார்த்ததுபோல் ஆடி ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில் வெறும் பத்தை மட்டும் நம்பி, எதிராளி வைத்த மொத்தப் பணத்துக்கும் ஈடுகொடுத்தார். எதிராளியிடம் இருந்ததோ அதைவிடச் சின்னச் சீட்டு. தோற்றவர் தன் ஆட்டப் பதிவைக் கேட்டு எழுதினார். தவறுதலாகவோ, உள்ளே யாருக்கோ மனசாட்சி உறுத்தியதாலோ, அந்தப் போட்டியில் ஆடிய எல்லோருடைய சீட்டும் அடங்கிய கோப்பு அவருக்கு வந்து சேர்ந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் அதைப் பிரித்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 363 என்ற எண்ணுள்ள ஒரு பார்வையாளர் கணக்கு மேசைக்கு வந்தபிறகு பாட்ரிப்பர் சீட்டைக் கவிழ்ப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தார். முதலில் எல்லாவற்றையும் மறுத்த நிறுவனம் பிறகு ஒத்துக்கொண்டது. அதன் சகோதரத் தளமான அல்டிமேட்பெட்டில் பல ஆண்டுகள் இதே களவு நடந்து, சுமார் 2.2 கோடி டாலர் திருப்பித் தரப்பட்டது. முக்கியக் குற்றவாளி என்று, இத்தளங்களுக்கு உரிமம் தந்த ஆணையம் பெயர் சொன்னவர் 1994 போக்கர் உலகத் தொடர் சாம்பியன் ரஸ் ஹாமில்டன்.

இது பிறர் சீட்டைப் பார்க்க முடிந்த உள்ளாட்கள் செய்த களவு, ஆட்டக்காரர் கூட்டணி அல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், ஆனாலும் பிடிபட்ட விதம் ஒன்றே. கனடாவின் கானவாகே பூர்வகுடிப் பகுதியின் ஆணையம்தான் இரண்டு தளங்களுக்கும் உரிமம் தந்திருந்தது. தளங்களின் உரிமையாளரோ அதே பகுதியின் முன்னாள் தலைவர்! ஆணையம் 5 லட்சம், 15 லட்சம் டாலர் என்று அபராதம் போட்டது, உரிமத்தை ரத்து செய்யவில்லை. அந்த ஆணையத்தை நம்பிக் காத்திருந்திருந்தால் 363 என்ற எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அட்டவணையில் சேர்த்தார்கள். 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. ஆன்லைன் ஆட்டம் நேரில் ஆடும் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது என்பதை அரசால் நிரூபிக்க முடியவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எப்படி நிரூபிக்க முடியும்? அதற்கான சாட்சி முழுவதும் எதிர்த்தரப்பின் சர்வரில் பூட்டிக் கிடந்ததே!

பிறகு 2025 பிப்ரவரியில் மாநில அரசு கொண்டுவந்த விதிமுறைகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு, அடிக்கடி எச்சரிக்கை எல்லாம் இருந்தன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அவற்றைச் சரி என்றது. ஆதார், ஆடுபவர் யார் என்று சொல்லும். அவர் காதில் இருக்கும் போனில் மறுமுனையில் யார் என்று சொல்லாது. கூட்டணிகளைப் பிடித்துக் கணக்கை முடக்குகிறோம் என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டன. சில உண்மையிலேயே செய்தும் இருக்கலாம். எத்தனை பேரைப் பிடித்தார்கள், ஏமாந்தவருக்கு எவ்வளவு திரும்பியது என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்க இடமே இல்லாதபோது அந்தப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

இப்போது கடைகள் மூடியிருக்கின்றன. பணியாளர்களைக் குறைத்தாயிற்று. வாடகைக்கு எடுத்த சர்வர்களையும் ஒருநாள் காலி செய்வார்கள். கோடிக்கணக்கான ஆட்டங்களின் பதிவு அவற்றில் இருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. தடையை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன; திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் அங்கும் எழாமல் இருக்காது. சென்னையில் இல்லாமல்போன சாட்சி டெல்லியிலும் இல்லாமல் போகலாமா?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் மூடிய தளங்களுக்கு எழுத்துமூலம் உத்தரவிட்டு, எந்தப் பதிவையும் அழிக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஆடியவர் கேட்டால் அவருடைய ஆட்டப் பதிவை, எதிராளிகளின் பெயரை மறைத்து, சீட்டுகளை மறைக்காமல் தர வேண்டும். தமிழ்நாடு ஆன்லைன் கேமிங் ஆணையம் தன் பங்குக்கு, தமிழக வாடிக்கையாளர்களிடம் கமிஷன் வாங்கிய ஒவ்வொரு நிறுவனமும் கூட்டு ஆட்டத்துக்காக எத்தனை கணக்குகளை முடக்கியது, பறிமுதல் செய்த பணத்தை யாரிடம் கொடுத்தது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். ஏமாந்தவர்களுக்குக் கொடுக்காமல் நிறுவனமே வைத்துக்கொண்ட தொகை ஏதும் இருந்தால் அதற்கும் கணக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.