ஐந்தாம் பாகமும் எடுத்தனூர்க் கல்லும்

கல்கியைப் படிக்காமலே ஒதுக்குவது நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு ஆசாரமாகிவிட்டது. 'ஜனரஞ்சகம்' என்று ஒரு சொல் போதும், விமர்சனம் முடிந்துவிடும். எதிர்த்தரப்பின் சோம்பலும் இதற்குக் குறைந்ததல்ல. 2022லும் 2023லும் சினிமா வந்ததையொட்டிப் 'பொன்னியின் செல்வ'னை வாங்கிய பலர் அதைச் சரித்திரம் என்றே நம்பிப் படிக்கிறார்கள். ஒருவர் படிக்காமல் வெறுக்கிறார், மற்றவர் கேள்வி கேட்காமல் படிக்கிறார். நடுவில் நாவல் தப்பித்துக்கொள்கிறது.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், வங்கி குமாஸ்தா. மாலையில் செய்வதற்கு அதிகமில்லாத ஊர். ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தை, அதன் 91 அத்தியாயங்களையும், இங்கே உட்கார்ந்து படித்து முடித்தேன். தொடர்கதையை எடைபோடக் கடைசிப் பாகம்தான் சரியான இடம் என்பது என் கட்சி. முதல் பாகத்தில் யாரும் வாக்குக் கொடுக்கலாம். கல்கியின் முதல் பாகம், ஆடிப்பெருக்கும் வீரநாராயண ஏரியும் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டமுமாக, கைதேர்ந்த வேலை. இதை மறுப்பவனுக்குக் கதை கேட்கும் காது இல்லை. ஆனால் வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டிய இடம் ஐந்தாம் பாகம்.

கடன் எது? ஆதித்த கரிகாலன் கொலை. இது கற்பனையல்ல. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், துரோகிகளைச் சேர்ந்தவர்களின் சொத்துக்கள் பறிமுதலானதைச் சொல்கிறது. ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர்களும் உண்டு. கொலை நடந்தது ஏறத்தாழ 970இல். கல்வெட்டு சொல்லும் நடவடிக்கை 15 வருஷங்களுக்கும் மேல் கழித்து. இடையில் ஆண்டவன் உத்தம சோழன். ஏன் இந்தத் தாமதம்? யாருக்கு லாபம்? நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மேல் சந்தேகப்பட்டார்; சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு குடும்பம், ஒரு பிணம், ஒரு சிம்மாசனம், நீண்ட மௌனம்.

கல்கி என்ன செய்கிறார்? மதுராந்தகனை இரண்டாக்கிவிடுகிறார். சந்தேகத்துக்கு இடமான மதுராந்தகன் போலி என்றாகி வெளியேறுகிறான். புஷ்பக் கைங்கரியம் செய்துகொண்டிருந்த சேந்தன் அமுதன் அசல் உத்தம சோழனாகிக் கறைபடாத கையோடு முடிசூடுகிறான். கொலைப்பழியோ நந்தினி என்கிற கற்பனைப் பெண்ணைச் சுற்றிய புகையில் கரைந்துபோகிறது. குத்தியது யார் என்பது தெளிவில்லை. தெளிவின்மை குற்றமல்ல. அது கதைக்குள் ஒருவரையும் கடைசிவரை உறுத்தாமல் போவதுதான் குற்றம்.

பிறகு தியாகம். அருள்மொழி கிரீடத்தைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுக்கிறான். இதற்கு ஆதாரம் திருவாலங்காட்டுச் செப்பேடு. அது ராஜேந்திரன் காலத்தது; ராஜ்யம் கடைசியில் யார் கைக்கு வந்ததோ அவருடைய மகன் வெளியிட்டது. லாபம் பெற்றவர் வீட்டிலேயே எழுதிய கணக்கில் எந்தத் தணிக்கைக்காரனும் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கல்கி போடுகிறார். போட்டுவிட்டு அதற்குச் 'சிகரம்' என்றும் பெயர் வைக்கிறார்.

1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம். தாஸ்தயேவ்ஸ்கியும் 'கரமாஸவ் சகோதரர்க'ளை 1879–80இல் பத்திரிகைத் தொடராகத்தான் எழுதினார். அங்கேயும் குடும்பத்துக்குள் ஒரு கொலை. கையால் கொல்லாத இவானும் அதிலிருந்து தப்புவதில்லை. கல்கியின் வாசகர்களும் முடிவில் திருப்தியில்லாமல் கேள்விகள் அனுப்பினார்கள். முடிவுரையில் அவர் பதில் எழுதினார். பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று விவரம் தந்தார். வாசகனுக்கு இருந்த அரிப்பைத் தகவலால் சொறிந்துவிட்டார்.

இந்த மலைக்குக் கீழே செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தொல்லியல் துறை அவற்றை 1972இல் தொகுத்து வெளியிட்டது. எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்றொருவன் கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் செத்தான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. நாயும் கல்லில் இருக்கிறது. எல்லாம் சில வரிகள்தான். அந்தக் கல்லை நட்டவர்கள் அதனால் ராஜ்யம் எதையும் அடையவில்லை. செத்தவன் யார், எதனால் செத்தான், கூட நின்றது யார்: மூன்றும் அதில் உண்டு. 91 அத்தியாயங்களில் கரிகாலனுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

கல்கியைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாம் பாகத்தைப் படியுங்கள் என்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கொலை ஒன்றைக்கூட நேராகப் பார்க்கப் பழகாத வாசகன், இன்று பக்கத்துத் தெருவில் நடப்பதையும் தியாகம் என்றே படித்துவிட்டுப் போவான். முகத்தைத் திருப்பிக்கொள்கிற நமக்கும் அதில் பங்குண்டு.