அடித்தவர் யார், அடிபட்டவர் யார்?



பழைய பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு மாதத்து இதழ்களைப் புரட்டி, திருநங்கைகளைப் பற்றி வந்த செய்திகளை மட்டும் கத்தரித்துத் தனியே வையுங்கள். சித்திரை மாதமென்றால் கூவாகம் படங்கள் நிறையக் கிடைக்கும். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்வது, மறுநாள் அதை அறுப்பது, விழுப்புரத்து அழகிப் போட்டி எல்லாம் வண்ணத்தில் இருக்கும். அந்த இரண்டு நாளும் கேமராக்காரர்களின் கூட்டம் பக்தர்களோடு போட்டி போடும். மற்ற மாதங்களில் கைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் குற்றச் செய்திதான். ‘திருநங்கைகள் அட்டகாசம்’, ‘பணம் தர மறுத்த வாலிபருக்கு அடி’, ‘திருநங்கைகள் மோதல், பொதுமக்கள் ஓட்டம்’ என்கிற ரகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கை ஓங்கியவர் திருநங்கை என்றால் அது தலைப்பிலேயே இருக்கும். அடிபட்டவர் திருநங்கை என்றால் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும், ஒற்றைப் பத்தியில். வீட்டில் வைத்த ஆண் பெயர் முதலில் வரும். அவர் வாழ்ந்த பெயர் ஒரு ‘என்கிற’ போட்டுப் பின்னால் தொங்கும். கடைசி வரி, ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்.’ அந்த விசாரணை என்ன ஆனது என்று அடுத்த மாதத்துப் பேப்பரில் தேடினால் கிடைக்காது.

இதில் சதி ஒன்றும் இல்லை. செய்தி வருகிற வழி அப்படி. மாவட்டச் செய்தியாளருக்குக் குற்றச் செய்தி பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்துதான் கிடைக்கிறது. எஃப்.ஐ.ஆரில் உள்ளதை நாலு வரியாக்கி வாட்ஸ்ஆப்பில் தட்டிவிடுகிறார். இங்கே பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருக்கும் உதவி ஆசிரியர், அந்த நாலு வரியில் கண்ணைப் பறிக்கும் சொல் எதுவோ அதைத் தூக்கித் தலைப்பில் வைக்கிறார். கடைகளில் காசு கேட்கப் போன இடத்தில் என்ன பேச்சு நடந்தது, முதலில் கை நீட்டியது யார், சேலையைப் பிடித்து இழுத்தது யார் என்பதெல்லாம் அந்த நாலு வரியில் இருக்காது. புகார் கொடுத்தவர் சொன்னது மட்டும் இருக்கும். திருநங்கை தரப்பு அதில் ஏன் இல்லை என்று கேட்டால், அவர்கள் ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறார்கள் என்பதுதான் பதில்.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட திருநர் ஒருவர், காவல் நிலையத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். பிழைக்கவில்லை. அவருடைய சகோதரி விடாமல் வழக்கு நடத்தினார். 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014இல் அளித்த தீர்ப்பிலும் இந்த வழக்கு பேசப்படுகிறது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். ‘அட்டகாசம்’ என்ற தலைப்பைப் படித்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தலைப்பு ஒன்றினால் யாரும் கல்லெடுத்து எறிந்துவிட மாட்டார்கள்தான். ஆனால் ஒரே மாதிரிச் செய்தி வருடக்கணக்கில் படிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருநங்கைகள் மேல் விழும் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ என்கிற பழியை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வயது அதிகம். 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இவர்களைப் பற்றியது. குழந்தைகளைக் கடத்துகிறவர்கள், விரையடிக்கிறவர்கள் என்று சந்தேகப்பட்டால் போதும், போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறும். அந்தச் சட்டம் முதலில் வட இந்திய மாகாணங்களுக்குத்தான். ஆனால் அதே அச்சில் ஹைதராபாத் நிஜாம் அரசு 1919இல் தனியாக ஒன்றை இயற்றிக்கொண்டது. அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் தள்ளியது எப்போது தெரியுமா? 2023 ஜூலையில்!

இடையில், 2018 மே மாதம், அதே ஹைதராபாதில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்ஆப் வதந்தி. ஒரு கூட்டம் திருநங்கைகளைச் சூழ்ந்துகொண்டு அடித்தது. ஒருவர் செத்தே போனார். நம் ஊரிலும் நடந்தது. 2024 மார்ச்சில் சென்னைக்குப் பக்கத்தில் பம்மலில், அதே சந்தேகத்தில் ஒரு திருநங்கையைக் கட்டிவைத்து, ஆடையைக் களைந்து அடித்தார்கள். போன் வைத்திருந்தவர்கள் படம் எடுத்தார்கள். அடித்தவர்களில் யாரும் 1871ஆம் வருடத்துச் சட்டத்தைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் அதில் இருந்த சந்தேகம் அவர்கள் மனதில் அப்படியே இருந்தது. யார் கொண்டுவந்து போட்டது?

சினிமாவுக்கு இதில் பங்கு உண்டு. ‘சடக்’ இந்திப் படத்தின் விபசார விடுதி நடத்தும் திருநங்கை மகாராணியைத் தமிழுக்கு ‘அப்பு’ (2000) கொண்டுவந்தது. பிரகாஷ்ராஜ் நன்றாக நடித்தார், அதுதான் தொந்தரவு. பயம் நன்றாகவே பதிந்துவிட்டது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) எனக்குப் பிடித்த படம். அதில் வரும் திருநங்கை ஷில்பாவைக் காவல் நிலையத்தில் ஒரு எஸ்.ஐ. நடத்துகிற விதத்தை அவ்வளவு உறைக்கிற மாதிரி வேறு தமிழ்ப் படம் காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதே ஷில்பா, மும்பையில் இரண்டு குழந்தைகளைக் கடத்தி விற்றதாகவும் சொல்லுவாள். திருநங்கைச் செயல்பாட்டாளர்கள் கொதித்தது அந்த இடத்தில்தான். கதைக்குத் தேவை என்று வாதிடலாம். ஆயினும், ஏற்கெனவே இருக்கிற பழியை வாக்குமூலமாகவே வாங்கிக் கொடுத்துவிட்டது படம். மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) கலவரத்தில் தொலைந்த பையனைக் காப்பாற்றுகிறவரும் ஒரு திருநங்கைதான். அந்தக் காட்சியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இப்படிப் பழி போடுவது நம் ஊர்ப் பத்திரிகைகளின் அவசரம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2025 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சார்லி கிர்க் என்ற வலதுசாரிப் பிரமுகர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஒரு செய்தி போட்டது: தோட்டாக்களில் திருநர் கொள்கையைச் சொல்லும் வாசகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்று. ஆதாரம், புலனாய்வு அமைப்பின் உள்சுற்றுக் குறிப்பு. அதாவது, நம் ஊர் எஃப்.ஐ.ஆர் மாதிரிதான், கொஞ்சம் பெரிய இடத்துச் சமாசாரம். அதற்கடுத்த நாள் அந்த மாநில ஆளுநர் வாசகங்களை வாசித்தபோது, திருநர் பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. வீடியோ கேமில் வரும் அம்புக்குறிகள், இணையக் கேலி, ஒரு பழைய இத்தாலியப் பாட்டின் வரி, அவ்வளவே. பத்திரிகை ஆசிரியர் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது. அதற்குள் செய்தி உலகைச் சுற்றி வந்துவிட்டது. செய்தியைப் பார்த்தவர்கள் எல்லாம் குறிப்பைப் பார்த்திருப்பார்களா?

2022இல் டெக்சாஸ் மாநிலத்து உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோதும் இதேதான். சுட்டவன் திருநர் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஒரு திருநங்கையின் படத்தைப் பரப்பினார்கள். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே அதை எழுதினார்.

அப்படியானால் திருநர் யாரும் குற்றமே செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். 2023 மார்ச்சில் நாஷ்வில் பள்ளியில் 6 பேரைக் கொன்றவர் திருநர் என்று அந்த ஊர்க் காவல்துறை சொன்னது. அதை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரயிலில் மிரட்டிப் பணம் பறித்தால் அதுவும் செய்திதான், பறிகொடுத்தவருக்கு எரிச்சல் வருவதும் நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில் இப்படிச் சுட்டுத் தள்ளுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ‘ஆண்கள் அட்டகாசம்’ என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியதுண்டா? சாதி, மதத்தைத் தேவையில்லாமல் குற்றச் செய்தியில் கொண்டுவராதீர்கள் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறையே இருக்கிறது. சாதியைத் தலைப்பில் வைக்கக் கை கூசுகிற நமக்கு, திருநங்கை என்று வைக்க மட்டும் கூசவில்லை.

சட்டமும் அப்படியொன்றும் சமமாக இல்லை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம், அவர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு வைத்த அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் அப்போதே குறைந்தபட்சம் 10 ஆண்டு. இது தலைப்புச் செய்தி ஆனதாக எனக்கு நினைவில்லை.

தமிழ்நாட்டில் நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. 2014 சுதந்திர தினத்தன்று கோவையின் லோட்டஸ் டிவியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்க உட்கார்ந்தார். அதற்கு முன்பே, 2008இல், விஜய் டிவியில் திருநங்கை ரோஸ் நடத்திய ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தது. பத்திரிகைகள் திருநரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதற்கு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விடாமல் வலியுறுத்தியதன் பேரில், 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வந்தது. நம் அலுவலகத்தில் அதை ஜெராக்ஸ் எடுத்து டெஸ்க் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு மேலே கேன்டீன் பாக்கிப் பட்டியல் தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

இந்த இதழிலிருந்து நம் மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு வேலை கூடுகிறது. திருநர் சம்பந்தப்பட்ட அடிதடிச் செய்தி எது அனுப்பினாலும், ஸ்டேஷனோடு சேர்த்து அந்த ஊர்த் திருநங்கைகளின் ஜமாத்திலும் ஒருவரிடம் பேசிவிட்டு அனுப்ப வேண்டும். பேச முடியாவிட்டால், ‘இது காவல்துறை சொல்வது’ என்று செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். சம்பவத்துக்குத் தேவைப்பட்டால் ஒழிய அடையாளம் தலைப்பில் வராது. அடிபட்டவர் செய்தி என்றால், வழக்கு என்ன ஆனது என்று மூன்று மாதம் கழித்து ஒரு முறை விசாரிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. திருநங்கை ஒருவர் கொலையுண்டால், குடும்பத்தார் பழைய பெயரையும் பள்ளிக்கூடக் காலத்து ஆண் படத்தையும் கொடுக்கிறார்கள். ஜமாத்தின் வளர்ப்புத் தாயும் தோழிகளும் வேறு பெயர், வேறு படம் தருகிறார்கள். இரண்டு தரப்பும் அழுதுகொண்டுதான் தருகிறது. வாழ்ந்த பெயரைத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. பெற்றவர்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்து நின்றால் என்ன சொல்வது என்று நம் தலைமை நிருபர் கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்கள். திருநர் வாசகர்கள் எழுதினால் அவற்றை முதலில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்