'பழம்' விட மறந்து விட்டோமே!

சண்டை போட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், போட்ட சண்டையை முடித்து வைக்கும் வித்தை மட்டும், வயது ஏற ஏற மறந்து போகிறது. சின்ன வயதில் 'காய்' விட்ட கையோடு, அடுத்த மணி அடிப்பதற்குள் 'பழம்' விட்டு, ஒரே மாங்காயை ஆளுக்கொரு கடி கடித்தவர்கள்தானே நாம்?

சொந்தக்காரர்களோடு மனஸ்தாபம் என்றால், சரி செய்ய வழி இருக்கிறது. வளைகாப்பு, காதுகுத்து என்று ஒரு விசேஷம் வந்தால், வெற்றிலைப் பாக்குத் தட்டோடு போய் அழைத்து விடலாம். பக்கத்து வீடு என்றால், பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் போதும். ஆனால் முகம் தெரியாத பஸ் கண்டக்டர், காய்கறி வண்டிக்காரர், ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவர்... இவர்களிடம் எந்தத் தட்டைத் தூக்கிக் கொண்டு போவது? 'இனிமே அந்த மூஞ்சியைப் பார்க்கவா போறோம்' என்ற அலட்சியத்தில், வீட்டு மனிதர்களிடம் பேசத் துணியாத வார்த்தைகளை எல்லாம் இவர்களிடம் கொட்டி விடுகிறோம்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதன் பிறகு, 'ஓசி' என்ற ஒரு சொல்லால் பஸ்சுக்குள் எத்தனை சண்டைகள்! அப்படிச் சொன்ன கண்டக்டர் மீது தப்புதான். பதிலுக்கு அவர் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசுவது மட்டும் நியாயமா? நாம் இறங்கியதும் பஸ் போய் விடும். அந்த வார்த்தை போகாது. நம்மோடு வீடு வரை வந்து, பாடம் எழுதாத பிள்ளையின் முதுகில் இறங்கும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதி ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மாவின் விரல் ரேகையை மிஷின் ஏற்கவில்லை. நாலைந்து முறை துடைத்துத் துடைத்து வைத்தும் பலனில்லை. பின்னால் நின்ற இளம்பெண், "வேலைக்குப் போறவங்க காத்துக்கிட்டு நிக்கறோம். வீட்ல வேற ஆளே இல்லையா? ஒரேயடியா உயிரை வாங்கறீங்களே!" என்று கத்த, அந்த அம்மா, "நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்ச கைடி இது. ரேகை எங்கேருந்து இருக்கும்?" என்று திருப்பிக் கத்த, வரிசையே இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டது.

கடைசியில் கடைக்காரர் வேறு வழியில் பதிவு செய்து பொருள் கொடுத்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்தபடி பையைத் தூக்கியபோது, அந்தப் பெண் தன் இடத்தை விட்டு முன்னால் வந்தாள். எல்லார் காதிலும் விழும்படி, "பாட்டி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றாள். வேலைக்கு நேரமாச்சு, வெயில், தலைவலி என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை. அரிசிப் பையை வாங்கித் தெருமுனை வரை கொண்டு போய்க் கொடுத்து விட்டு வந்தாள். அவள் இடத்தை யாரும் பிடித்துக் கொள்ளவில்லை.

அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால், அந்த அம்மா அடுத்த மாதம் கடைக்கு வரவே கூசியிருப்பார். நஷ்டம் யாருக்கு? உழைத்துத் தேய்ந்த கைக்குத்தான்!

'இறங்கிப் போனா ஏறி மிதிப்பாங்க' என்று சில தோழிகள் சொல்வது என் காதில் விழுகிறது. நான் சொல்வது நியாயத்தை விட்டுக் கொடுக்கச் சொல்லி அல்ல. பாக்கிச் சில்லறை இரண்டு ரூபாயை தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கேட்கும்போது வாய் தவறி விட்டால், அந்த வார்த்தைக்கு மட்டும் வருத்தம் சொல்லுங்கள். அதையும் பஸ்சை விட்டு இறங்குவதற்குள், வரிசை கலைவதற்குள் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவரை மறுபடி எங்கே போய்த் தேடுவது? பத்துப் பேர் முன்னால் திட்டி விட்டு, தனியாகக் கூப்பிட்டு முணுமுணுப்பதும் சரியில்லை. 'மன்னிச்சுக்கோங்க, ஆனா நீங்களும்...' என்று இழுத்தால், அது இரண்டாவது சண்டைக்குப் பிள்ளையார் சுழி!

ஜைன சமயத்தினர் ஆண்டுதோறும் பர்யூஷண் விரத நாட்களின் முடிவில், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். அதில் பெரியவர், சிறியவர் என்ற கவுரவம் பார்ப்பதில்லை. நமக்கு மட்டும் என்ன தயக்கம்?

இன்னொன்று. மன்னிப்புக் கேட்டு வருபவரை, 'இப்ப வந்து சொல்லு' என்று முகத்தில் அடிக்காதீர்கள். 'பரவாயில்லம்மா, விடு' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? நம்மைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சண்டை போடக் கற்றுக் கொள்கிறார்கள். 'பழம்' விடவும் நம்மிடமே கற்றுக் கொள்ளட்டுமே!

- ஒரு வாசகி, திருச்சி.