உயிர்வேலி: நடுவதைவிட முதல் கோடையைத் தாண்ட வைப்பதே முக்கியம்

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதன்பின் வரப்போரம் கன்று நடும் ஆர்வம் கூடியிருக்கிறது. கல்லுக்கால், கம்பி விலையைப் பார்த்து உயிர்வேலிக்குத் திரும்பும் விவசாயிகளும் இருக்கிறார்கள். ஆனால் ஐப்பசி மழையில் நட்ட வேலி சித்திரையில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு.

காங்கேயம், தாராபுரம் பகுதிக் கொரங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி வறட்சிக்குப் பேர் போனது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதுபோன்ற ஆண்டையும் வேரூன்றிய கிளுவை தாங்கும். புதிதாக நட்டது தாங்காது. வளர்ந்த வேலியின் வேர் ஆழத்தில் ஈரம் தேடும். நட்டு நான்கு மாதமான கன்றின் வேர், பை மண்ணைவிட்டு அதிகம் வெளியே வந்திருக்காது. அந்தச் சிறு மண்கட்டி காய்ந்தால் கன்றும் காயும்.

தண்ணீர் உண்மையிலேயே இல்லையா?

"பயிருக்கே தண்ணீர் இல்லை, வேலிக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. 2 அடிக்கு ஒன்று நட்டால் சுமார் 420 கன்றுகள். கன்றுக்கு 5 லிட்டர் வீதம் 10 நாளுக்கு ஒருமுறை, ஜனவரி முதல் மே வரை 15 முறை ஊற்றினால் மொத்தம் சுமார் 31,500 லிட்டர். அதே ஏக்கர் பயிருக்கு 5 செ.மீ. உயரத்துக்கு ஒரே ஒருமுறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். வேலியின் முழுக் கோடைத் தேவை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

செய்ய வேண்டியவை

* வரப்பின் உச்சியில் நடாதீர்கள்; அங்கே ஈரம் முதலில் வடியும். உட்புற அடிவாரத்தில் சிறு வாய்க்கால் எடுத்து நட்டால் மழைநீர் வேரில் நிற்கும்.
* பையை முழுவதும் அகற்றி, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு, காற்று இடைவெளி இல்லாமல் மிதித்து நடவும்.
* தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, மாலையில், ஆழமாக நனையும்படி ஊற்றவும். மணற்பாங்கான நிலத்தில் இடைவெளியை 6, 7 நாளாகக் குறைக்கலாம்.
* காய்ந்த இலை, கரும்புத் தோகை, தென்னை மட்டைத் துண்டுகளை 3 அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் போடவும். தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். ஒட்டியிருந்தால் கரையான் ஏறும்.
* கன்றைச் சுற்றி 2 அடிக்குப் புல்லைக் களையவும்.
* கோடையில் யூரியா வேண்டாம். இளந்தளிர் கூடினால் தண்ணீர்த் தேவையும் கூடும்.
* கிளுவைப் போத்து நட்டவர்கள் அதிகம் ஊற்ற வேண்டாம். வேர்விடாத போத்து ஈரம் மிகுந்தால் அழுகும். வாடாமல் இருக்க லேசான ஈரம் போதும்.

காய்ந்தது எல்லாம் சாகவில்லை

கிளுவை கோடையில் இலை உதிர்ப்பது இயல்பு. மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பி வாங்கப் போகாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்து அடியில் பச்சை இருந்தால், பச்சைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மழைக்குத் துளிர்க்கும்.

செத்த இடங்களைக் குச்சி நட்டு இப்போதே அடையாளம் வையுங்கள். அடுத்த மழையின் முதல் வாரத்திலேயே அங்கே போக்கிடம் நிரப்பினால்தான் வேலி சந்து இல்லாமல் அடையும். ஒரு சந்து போதும், ஆடு உள்ளே வந்துவிடும்.